சரக்கு விவரம்

ராயபுரத்தில், கப்பல் சரக்குக்குக்
காகிதம் எழுதும் கம்பெனியில்
பதினாலு வருடமாக இருக்கிறேன்.
மதலைமுத்து சாரின் பீரோவில்
அந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்று
என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

தேக்குப் பெட்டி. உள்ளே தகர டப்பா.
டப்பாவுக்குள் நூறு கிராம்.
சுமத்ராவிலிருந்து ஒரு பார்ட்டி அனுப்பியது,
துறைமுக அபராதத்தில் பாதி
குறைத்துக் கொடுத்த நன்றிக்கு.

"மரநாய் தின்னு, வெளிக்குப் போனதைக்
கழுவி வறுத்தது மேடம்.
கிலோ என்னா விலைன்றீங்க?"
மதிப்பீட்டு அதிகாரி வந்தால் ஐம்பதாயிரம்.
பேங்க் மேனேஜர் வந்தால் எண்பது.
சாரின் மச்சான் வந்த அன்று ஒரு லட்சம்.
பில் இல்லாத சரக்கு இப்படித்தான் ஏறும்,
எனக்கு அது புதிதல்ல.

பில்டரில் இறக்குவது நான்.
ஒரு ஸ்பூன், தலை தட்டி.
பால் சேர்க்கக் கூடாதாம்.
குடிப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்
தீர்த்தம் வாங்கியவர்கள்போல.
வேதகிரி மட்டும் மாடிப்படிக்குப் போய்ச்
சிரித்துவிட்டு வருவான்:
"இன்னாக்கா, நம்மூரு பீன்னா நாத்தம்,
கப்பல்ல வந்தா வாசனையா?"

கழுவும்போது அடியில் தங்கிய சொட்டை
ஒருநாள் விரலால் வழித்து நக்கினேன்.
மழையில் நனைந்த அட்டைப்பெட்டி,
அதற்கும் கீழே கொஞ்சம் வெல்லம்.
பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

பெனிட்டா வந்தாள், சாரின் மகள்,
வேப்பேரியில் கால்நடை டாக்டருக்குப் படிப்பவள்.
அப்பாவின் மேஜைமேல் போனை வைத்தாள்.
கம்பி வலைக் கூண்டு.
ஒரு மரநாய் மூலைக்கு மூலை
மூலைக்கு மூலை.
தட்டில் காபிப் பழம், அது மட்டும்.
"அதோட காலைப் பாருங்கப்பா" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சார் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.
பாதத்தில் தோல் இல்லை.

அதற்குப் பிறகு விலை பேச்சு நின்றது.
இரண்டு கப் கேட்டு வாங்கிக் குடித்த
அதே அதிகாரி அம்மா
"அந்தக் கருமத்தையா வச்சிருந்தீங்க?" என்றார்.
"யாரோ குடுத்தாங்க மேடம்,
நான் தொட்டதே இல்ல."
பெட்டி மேல் தட்டிலிருந்து
பழைய ரசீதுகளுக்குப் பின்னால் போனது.
இன்னும் நாற்பது கிராம் இருக்கும்.

ஐப்பசி மழையில்
பொய்க்கூரைக்கு மேல் யாரோ நடந்தார்கள்.
பாஸ்மதி சோறு வடித்த வாசனை.
"எவன்டா பிரியாணி வாங்கினது?" என்றான் வேதகிரி.
மறுநாள் காலை சரக்குச் சீட்டு நகல்களின்மேல்
ஈரமாக ஒரு குவியல்.
நான்தான் கூட்டி அள்ளினேன்,
பாழான ஒரு படிவத்தில்.
கை பழக்கம், கட்டங்களை வாசித்தேன்.
சரக்கு விவரம்: பப்பாளி விதை, அத்தி விதை,
சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்று.
பிறப்பிடம்: இந்த ஆபீஸ் கூரை.
மதிப்பு:
சார் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்,
"வெளிய கொட்டும்மா மொதல்ல!"

வண்ணாரப்பேட்டையிலிருந்து கூண்டு வந்தது,
நாள் வாடகை நூற்றைம்பது.
எலிக்கூண்டுக்குப் பெரியப்பா.
கொக்கியில் ஒரு பூவன் பழம்.
"பெனிட்டா கிட்ட மூச்சு விடாதே" என்றார்.
விடவில்லை.

கடைசியில் பூட்டிக்கொண்டு போவது நான்,
காலையில் திறப்பதும் நான்.
ஆறு நாளாகக் கூண்டு காலி,
ஆறு பழமும் காலி.
"கில்லாடிம்மா அது,
கதவு விழாம பழத்த மட்டும்
லவட்டிட்டுப் போவுது பாரு."
ஆமாம் சார் என்கிறேன்.
மேலே பலகை ஒருமுறை கிறீச்சிடுகிறது.
நாளைக்கு ரஸ்தாளி வாங்கச் சொல்ல வேண்டும்,
பூவன் எனக்குக் கொஞ்சம் புளிக்கிறது.